ஃப்ளோரன்ஸில் இருவருக்கு ஒரு நாள்: குவிமாடம், தங்கம், தோல் பை

ஃப்ளோரன்ஸின் பழைய நகரம் கையகலம்தான். ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பத்து நிமிட நடை, அங்கிருந்து பழைய பாலத்துக்கு இன்னொரு பத்து நிமிடம். எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு அருங்காட்சியகம், மூன்று தேவாலயம், நான்கு கடைத்தெரு என்று அடுக்கிக்கொண்டு போய், மாலை நான்கு மணிக்குக் கால் ஓய்ந்து, ரயிலுக்கு நேரமாகிற அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் தோல் பையைச் சொன்ன விலைக்கு வாங்கித் திரும்புகிறார்கள்.

ஒரே ஒரு நாள்தான் என்றால் ஏறுவதற்கு ஒரு கோபுரம், பார்ப்பதற்கு ஒரு அருங்காட்சியகம், காசு போட்டு வாங்க ஒரு பெரிய பொருள். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிகளைக் காலையில் ஏறிவிட வேண்டும். முற்பகலில் விலையை மட்டும் விசாரிக்க வேண்டும். வாங்குவது பிற்பகலில், குன்றின் மேல் உட்காருவது அந்தியில். கீழே உள்ள திட்டம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான நாட்களுக்கு ஏற்றது. டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே விழுந்துவிடும் என்பதால், குன்றை முன்னால் இழுத்து, கடைகளைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை, என்ன முன்பதிவு

திங்கள் வேண்டாம். அக்கடேமியா, உஃபிஸி என்ற இரண்டு பெரிய அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை, சிறு கடைகள் பலவும் பிற்பகலில்தான் திறக்கும். ஞாயிறும் வேண்டாம். பேராலயத்துக்குள் வழிபாட்டுக்கு மட்டுமே அனுமதி, மதியம் சாப்பிடப்போகும் சந்தையின் கீழ்த்தளமும் மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம் என்று கேட்டு ஆசைப்படாதீர்கள், வரிசையிலேயே அரை நாள் கழிந்துவிடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் சரி.

முன்பதிவு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, பேராலயக் குவிமாடம் ஏறுவதற்கான புருனெல்லெஸ்கி பாஸ். ஆளுக்கு 30 யூரோ. இதே சீட்டில் மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், பேராலய அருங்காட்சியகம் எல்லாம் மூன்று நாட்களுக்குச் செல்லும். ஆனால் குவிமாடத்துக்கு மட்டும் நாளும் மணியும் குறித்துத்தான் தருவார்கள். அந்த நேரத்தைப் பிறகு மாற்ற முடியாது. சீசனில் காலை நேரங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். காலை 8.15-ஐ ஒட்டிய நேரம் கிடைத்தால் நல்லது.

இரண்டாவது அக்கடேமியா, பத்து மணிக்கு. முன்பதிவோடு ஆளுக்குச் சுமார் 20 யூரோ. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் இதே சீட்டை இரட்டிப்பு விலைக்கு விற்கின்றன.

உஃபிஸியை ஏன் விடச் சொல்கிறோம்? அது சின்ன இடமில்லை. ஓவியர் போத்திசெல்லியின் வீனஸை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனாலும் மூன்று மணி நேரம் போய்விடும். இரண்டாவது நாள் இருந்தால் அந்த நாளின் முதல் வேலையாக உஃபிஸியை வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ரயில் சீட்டில் இறங்கும் இடம் "ஃபிரென்சே சாந்தா மரியா நொவெல்லா" என்று இருக்கிறதா பாருங்கள். ஃபிரென்சே என்பதுதான் ஊரின் இத்தாலியப் பெயர். ரிஃப்ரெடி, காம்போ தி மார்த்தே என்ற நிலையங்களும் இதே ஊரில்தான், ஆனால் நகர மையத்திலிருந்து தள்ளி. பெட்டிகளை நிலையத்தின் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு நடங்கள். காரில் வராதீர்கள். பழைய நகரம் முழுக்க அனுமதி பெற்ற வண்டிகளுக்கான பகுதி, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வந்து சேரும்.

காலை 7.30: நின்றுகொண்டே காபி

ஃப்ளோரன்ஸ் காபிக் கடைகளில் விலை இரண்டு விதம். கல்லாவை ஒட்டிய மேடையில் நின்று குடித்தால் எஸ்பிரெசோ ஒன்றரை யூரோவுக்குள். அதே கோப்பையை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால், சதுக்கத்தை ஒட்டிய கடைகளில் மூன்று மடங்கு வரை போகும். நம்மூர் காபிக்குப் பழகியவர்கள் "கப்புச்சினோ" கேளுங்கள். "லாட்டே" என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும்.

காலை 8.15: 463 படிகள்

பேராலயத்தின் கட்டுமானம் 1296-இல் தொடங்கியது. குவிமாடம் வைக்க வேண்டிய இடம் சுமார் 45 மீட்டர் அகலத் திறப்பு. அவ்வளவு அகலத்துக்குக் கீழிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுத்துக் கட்டும் வழி யாருக்கும் தெரியவில்லை. 1420-இல் கட்டடக் கலைஞர் பிலிப்போ புருனெல்லெஸ்கி சாரமே இல்லாமல் எழுப்பத் தொடங்கி 1436-இல் முடித்தார். அவர் செய்தது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். நீங்கள் ஏறப்போவது அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான். கடைசிப் பகுதியில் சுவர் உங்கள் தலைக்கு மேல் சாய்ந்து வருவதைக் காணலாம், அதுதான் குவிமாடத்தின் வளைவு. செங்கற்கள் வெறும் கிடைவரிசையில் இல்லாமல், இடையிடையே செங்குத்தாக நிறுத்திய கற்களோடு மீன்முள் போலச் சுற்றிக்கொண்டு ஏறும். ஈரச் சாந்து காய்வதற்குள் கற்கள் சரியாமல் பிடித்துவைத்தது அந்த அடுக்குதான்.

நுழைவாயில் பேராலயத்தின் வடக்குப் பக்கம் உள்ள பொர்த்தா தெல்லா மாந்தோர்லா. பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கையில்லாத மேலாடையில் போகிறவர்கள் ஒரு துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். லிஃப்ட் கிடையாது, பாதி வழியில் திரும்ப இடமும் கிடையாது. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் ஏற வேண்டாம் என்று நிர்வாகமே எச்சரிக்கிறது. இருவரில் ஒருவரால் முடியாது என்றால் இன்னொருவர் மட்டும் ஏறட்டும். மற்றவர் பக்கத்துத் தெருவில் உள்ள ஒப்ளாத்தே பொது நூலகத்தின் மேல்மாடிக் காபிக் கடையில் உட்காரலாம். குவிமாடம் அங்கிருந்து கண்ணெதிரே தெரியும், நூலகத்துக்குக் கட்டணம் இல்லை.

ஏறும் வழியில் உட்புற மாடத்தைச் சுற்றி நடக்க விடுவார்கள். ஓவியர்கள் வசாரியும் சுக்காரியும் 1572 முதல் 1579 வரை வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கீழே பேராலயத்தின் தரையும் தெரியும். உட்புறத்தை இப்படி மேலிருந்தே பார்த்துவிடுவதால், இலவச நுழைவுக்காக வெளியே வளைந்து நிற்கும் நீண்ட வரிசையில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை. ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆகும்.

இறங்கியதும் எதிரே உள்ள ஞானஸ்நான மண்டபத்தின் கிழக்குக் கதவைப் பாருங்கள். சிற்பி கிபெர்த்தியின் "சொர்க்க வாசல்" அது. அங்கே மாட்டியிருப்பது நகல், அசல் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் சீட்டு அதற்கும் செல்லும். அடுத்த நாள் ஊரில் இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

காலை 10: அக்கடேமியா

விய ரிக்கசோலி தெருவில் வடக்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே போய், முன்பதிவு செய்தவர்களுக்கான வரிசையில் நில்லுங்கள். பக்கத்திலேயே பதிவில்லாதவர்கள் வரிசையும் இருக்கும், தவறிப்போய் அதில் நிற்பவர்கள் நிறைய.

மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை 5.17 மீட்டர் உயரம். வேறு சிற்பிகள் தொடங்கிக் கைவிட்ட ஒரே பளிங்குப் பாறையில் 1501 முதல் 1504 வரை செதுக்கியது. நகரின் பெரிய சதுக்கத்தில் வெயிலிலும் மழையிலும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1873-இல் இங்கே வந்தது. நேராகப் போய் முகத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வலது புறம் போய் அந்தக் கையைப் பாருங்கள். புறங்கையில் நரம்பு புடைத்திருக்கும், விரல்கள் தளர்ந்திருக்கும், மணிக்கட்டு மட்டும் இறுகியிருக்கும். கோலியாத்தோடு சண்டை இன்னும் தொடங்கவில்லை என்பதை அந்தக் கை சொல்லும்.

அதைவிட அதிக நேரம் நிற்க வேண்டியது, தாவீதுக்குப் போகும் வழியில் இருபுறமும் நிற்கும் முடிக்காத "அடிமைகள்" முன்னால். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகத் தொடங்கிய சிலைகள் இவை. பல்லுளி இழுத்த கோடுகள் சீப்பு வாரியது போல அப்படியே இருக்கின்றன. ஒரு மனிதன் கல்லுக்குள்ளிருந்து எப்படி வெளியே வருகிறான் என்பதை இங்கேதான் பார்க்க முடியும். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

காலை 11.30: சான் லொரென்சோவில் வேடிக்கை மட்டும்

அக்கடேமியாவிலிருந்து சந்தைக்குப் போகும் தெருவெங்கும் தோல் பைத் தள்ளுவண்டிகள். இந்த நேரத்தில் கையில் பணத்தை எடுக்காதீர்கள், விலை மட்டும் கேளுங்கள். முதலில் சொல்லும் விலைக்கும் நீங்கள் நகரத் தொடங்கியதும் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். "உள்ளே கடை இருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு மேலங்கியில் லைட்டர் தீயைக் காட்டி, "பாருங்கள், எரியவில்லை, அசல் தோல்" என்பார்கள். கண்ணிமைக்கும் நேரம் தீ பட்டால் எதுவும் தெரியாது. அதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடைபாதையில் துணி விரித்துப் பிரபல பிராண்டு பைகள் விற்பவர்களிடம் வாங்கவே கூடாது. இத்தாலியச் சட்டத்தில் போலியை விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குபவருக்கும் தண்டனை உண்டு. அபராதம் 7,000 யூரோ வரை போகலாம். தரையில் படங்களைப் பரப்பி வைத்திருப்பவர்களைக் கண்டால் சுற்றிப் போங்கள். தெரியாமல் மிதித்தால் காசு கேட்டு வழி மறிப்பார்கள்.

பகல் 12: சாப்பாடு

மெர்காட்டோ சென்ட்ராலே 1874-இல் திறந்த இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த சந்தைக் கட்டடம். கீழ்த்தளத்தில் காய்கறி, பாலாடைக்கட்டி, இறைச்சி. பிற்பகலில் மூடிவிடுவார்கள். மேல்தளம் 2014 முதல் சாப்பாட்டுக் கூடம், இரவு வரை உண்டு. ஒருவர் மேஜை பிடிக்க, இன்னொருவர் வாங்கி வருவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது.

சைவமும், மாடு பன்றி தவிர்ப்பவர்களும் இந்தச் சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மான்சோ, விதெல்லோ மாட்டிறைச்சி, மையாலே பன்றி, பொல்லோ கோழி, அச்சூகே நெத்திலி போன்ற உப்பு மீன். ரகூ என்றால் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்த குழம்பு. லாம்ப்ரெதோத்தோ என்பது மாட்டு வயிற்றுப் பகுதி, இந்த ஊரின் தெருவுணவு. பெப்பெரோனி என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், இத்தாலியில் அது குடைமிளகாய். தக்காளியும் ரொட்டியும் மசித்த பாப்பா அல் பொமொதோரோ, கறுப்புக் கீரையும் வெள்ளைப் பீன்ஸும் பழைய ரொட்டியும் சேர்த்துக் கொதிக்க வைத்த ரிபொல்லித்தா இரண்டும் நம் நாவுக்குப் பிடிக்கும். "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்றால் இறைச்சி, மீன் வேண்டாம் என்று பொருள். குழம்புத் தண்ணீர் எதில் செய்தது என்பதையும் கேட்டுவிடுங்கள். உறைப்பு வேண்டுமானால் "பெப்பெரொன்சீனோ". பர்மேசான் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று உறைமோர் சேர்கிறது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பகல் 1.30: கடைகள் தூங்கும் நேரம்

ஒரு மணியிலிருந்து மூன்று, மூன்றரை வரை கைவினைக் கடைகள் பல மூடியிருக்கும். தங்கும் அறை பக்கத்தில் இருந்தால் போய் ஒரு மணி நேரம் கால் நீட்டுங்கள், மாலைக்கு அது பெரிய உதவி. இல்லையென்றால் விய தெல்லா ஸ்காலாவில் உள்ள சாந்தா மரியா நொவெல்லா மருந்தகத்துக்குப் போகலாம். 1221-இல் இங்கே வந்த தொமினிக்கத் துறவிகள் மூலிகைத் தோட்டம் வைத்ததில் தொடங்கி, 1612-இல் பொதுமக்களுக்குக் கடையாகத் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஓவியம் தீட்டிய பழைய மண்டபங்களுக்குள் சோப்பும் வாசனைத் திரவியமும் விற்கிறார்கள். வீட்டுக்கு வாங்க ஏற்றது பட்டுப் பையில் அடைத்த உலர்மலர்க் கலவை. எடை இல்லை, உடையாது, அலமாரியில் மாதக்கணக்கில் மணக்கும். திரவமாக எதை வாங்கினாலும் பெட்டிக்குள் போட வேண்டியதுதான், கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம். ஃப்ளோரன்ஸில் வீட்டு எண்ணும் கடை எண்ணும் தனித்தனி வரிசை. கடைகளுக்குச் சிவப்பு எண், முகவரியில் எண்ணுக்குப் பின்னால் "ஆர்" எழுத்து சேரும். ஐந்தாம் எண் வீடும் ஐந்து ஆர் கடையும் ஒரே தெருவின் வேறு வேறு இடத்தில் இருக்கும். எண்ணைத் தேடி இரண்டு முறை நடப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பகல் 3: தோல் பை

சாந்தா க்ரோச்சே தேவாலயத்தின் பின்புறம், விய சான் ஜுசெப்பே 5 ஆர். இதுதான் ஸ்கூவோலா தெல் குவோயோ, தோல் வேலைப் பள்ளி. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கப் பிரான்சிஸ்கன் துறவிகள் தோல் தொழில் குடும்பங்களோடு சேர்ந்து 1950-இல் தொடங்கியது. நுழைவு இலவசம். நீண்ட கூடத்தில் தொழிலாளர்கள் வெட்டுவதையும் தைப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். விலை கூடுதல்தான், பேரமும் இல்லை. ஆனால் நல்ல தோலைக் கையால் தொட்டுப் பழக இதைவிடச் சிறந்த இடம் இல்லை. இங்கே தொட்டுப் பார்த்த விரலோடு அடுத்த கடைக்குப் போங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும்? முதலில் வெட்டுமுனை. கைப்பிடி முடியும் இடத்திலோ பெல்ட் துளையிலோ உற்றுப் பாருங்கள். தோல் என்றால் மேலிருந்து கீழ்வரை பஞ்சு போல நார் நாராக இருக்கும். மேலே பளபளப்பான படலம், கீழே துணி நெசவு என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரிந்தால் அது ரெக்சின். அடுத்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். தோலில் மெல்லிய சுருக்கம் விரலைச் சுற்றிப் பரவி, எடுத்ததும் கலையும். பிளாஸ்டிக்கில் குழி மட்டும் விழும். மேற்பரப்பின் மயிர்த்துளைகள் ஒழுங்கற்று இருக்க வேண்டும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் அச்சு.

"வேரா பெல்லே" என்ற முத்திரை அசல் தோல் என்று மட்டுமே சொல்கிறது, நல்ல தோல் என்று சொல்லவில்லை. தோலைக் குறுக்கே பிளந்து எடுத்த அடிப்பாகத்தின் மேல் பூச்சுப் பூசியதும் "வேரா பெல்லே"தான். அதன் பெயர் க்ரோஸ்தா. மேல்தோல் முழுசாக உள்ளதற்குப் பெயர் பியேனோ ஃபியோரே. கடைக்காரரிடம் "பியேனோ ஃபியோரேவா, க்ரோஸ்தாவா?" என்று கேட்டாலே பேச்சின் தோரணை மாறிவிடும்.

தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்டதா, குரோமியத்திலா என்பது அடுத்த கேள்வி. நம்மூரில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட முறை ஞாபகம் இருக்கிறதல்லவா, அதே வழிதான். டஸ்கனியில் செஸ்ட்நட், மிமோசா, கெப்ராச்சோ மரச் சாறுகள். அப்படிப் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருந்து, வருடம் போகப் போக இளகி நிறம் கருக்கும். மழைத்துளி பட்டால் கறை நிற்கும். குரோமியத் தோல் மெத்தென்று இருக்கும், பல வண்ணத்தில் கிடைக்கும், ஈரத்தைத் தாங்கும். தினமும் பஸ்ஸிலும் வண்டியிலும் தூக்கிப் போகிற கைப்பைக்குக் குரோமியம், பெல்ட்டுக்கும் பர்ஸுக்கும் பட்டைத்தோல் என்பது எங்கள் கருத்து.

ஜிப்பை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். கைப்பிடி தைத்த இடத்தில் நூல் இரட்டையாக ஓடியிருக்க வேண்டும். உள்துணியைப் பிடித்து இழுத்தால் தையல் விரியக் கூடாது. விலை சுமாராக பர்ஸ் 30 முதல் 60 யூரோ, பெண்களுக்கான நல்ல கைப்பை 120 முதல் 300. தோல் மேலங்கி 300-க்கு மேல். சென்னையிலோ மதுரையிலோ குடியிருப்பவர் மேலங்கி வாங்க வேண்டாம், போட நாளே வராது. பையையும் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் மாதத்தில் பூஞ்சை படரும். பருத்தித் துணிப் பையில், உள்ளே காகிதம் திணித்து, காற்றோடும் அலமாரியில் வையுங்கள்.

பில் போடும்போது இருவரும் கவனிக்க வேண்டியது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரே கடையில் ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் இத்தாலியில் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். கணவர் பெயரில் 45, மனைவி பெயரில் 45 என்று இரண்டு பில் போட்டால் இருவருக்குமே கிடைக்காது. ஒரே ஆள் பெயரில் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் எண்ணும் கடையில் தரும் வரிப் படிவத்தில் இருக்க வேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயரும் முதலெழுத்தும் இடம் மாறிப்போவது வழக்கம், கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

எவ்வளவு வரும்? வரி 22%, ஆனால் அது விலைக்குள் அடங்கியது. 300 யூரோ பையில் வரி 54 யூரோ 10 சென்ட். வரியைத் திருப்பித் தரும் இடைநிறுவனத்தின் கட்டணம் போகக் கைக்கு வருவது 35, 40 யூரோ அளவில் இருக்கும். கார்டு இயந்திரம் "யூரோவா, ரூபாயா?" என்று கேட்டால் யூரோவை அமுக்குங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.

மாலை 4.45: பொன்டே வெக்கியோ

போகும் வழியில் பியாஸா தெல்லா சிஞ்ஞோரியா. தாவீதின் நகலும், வளைவு மண்டபத்தில் செல்லினி வார்த்த வெண்கலப் பெர்சியஸும் திறந்தவெளியில், கட்டணமின்றி நிற்கின்றன. நெப்டியூன் நீரூற்றுக்கு அருகில் குடிநீர்க் குழாய் உண்டு, பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பொன்டே வெக்கியோ என்றால் பழைய பாலம், 1345-இல் கட்டியது. முன்பு இதன் மேல் இறைச்சிக் கடைகள் இருந்தன. மேலே செல்லும் தன் நடைபாதைக்கு நாற்றம் அடிக்கிறதென்று ஊரை ஆண்ட மெதிச்சிக் குடும்பத்துப் பிரபு முதலாம் ஃபெர்தினாந்தோ 1593-இல் அவற்றை அகற்றித் தட்டார்களுக்கு இடம் கொடுத்தார். இன்றும் பாலம் முழுக்க நகைக் கடைதான். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஆர்னோ ஆற்றின் மற்றப் பாலங்களைத் தகர்த்தது, இது ஒன்று தப்பியது.

நகை வாங்கும் எண்ணம் இருந்தால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே விற்பது பெரும்பாலும் 18 காரட், முத்திரை 750. நம்மூர் 916 இல்லை. ஐந்து கிராம் சங்கிலியில் சுத்தத் தங்கம் மூன்றே முக்கால் கிராம். 750-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், ஓர் எண், மாவட்டத்தின் இரண்டெழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கேட்டுப் பாருங்கள். அது செய்தவரின் பதிவு. எழுத்து ஃப்ளோரன்ஸுடையதாக இல்லாமல் அரெஸ்ஸோவுடையதாக இருக்கலாம், இத்தாலியத் தங்க வேலையின் பெரிய ஊர் அது. அதில் குறையொன்றும் இல்லை.

அடுத்து, எடை கேளுங்கள்: "குவாந்தோ பேசா?" எடையை அன்றைய சுத்தத் தங்க விலையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்தால் தங்கத்தின் மதிப்பு. மீதியெல்லாம் செய்கூலி, லாபம், வரி. சேதாரம் என்று தனியாகப் போடமாட்டார்கள், எல்லாம் ஒட்டுமொத்த விலைக்குள் கிடக்கும். இதை ஊருக்குக் கொண்டுவந்து மாற்றப் போனால் தங்க எடைக்குத்தான் மதிப்பு, வேலைப்பாட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. ஆகவே சேமிப்பாக நினைத்துச் சவரன் கணக்கில் வாங்காதீர்கள். இந்த ஊரின் தனித்தன்மை ரம்பத்தால் அறுத்துச் சல்லடை போலக் குடைந்த வேலையும், நுண்கோடு கீறி மங்கவைத்த மேற்பரப்பும். அப்படி ஒரு சின்னத் தோடோ மோதிரமோ ஆசைக்கு வாங்கினால் ஆயுளுக்கும் ஞாபகமாக இருக்கும்.

பாலத்தின் நடுவில் செல்லினியின் சிலையைச் சுற்றியுள்ள கம்பியில் காதல் பூட்டு மாட்டும் வழக்கம் இருந்தது. இப்போது மாட்டினால் அபராதம்.

பாலம் தாண்டி ஐஸ்கிரீம் சாப்பிடலாம். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மலைபோலக் குவித்து வைத்த கடையைத் தவிருங்கள், அந்தக் குவியல் நிற்பதே காற்றும் சேர்மானமும் ஏற்றியதால். மூடியிட்ட உலோகக் குடுவையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடை நல்லது. பிஸ்தா கிளிப்பச்சையாக இருக்கக் கூடாது, மங்கிய பழுப்புப் பச்சை சரி.

அந்தி: குன்று

வாங்கிய பைகளை முதலில் அறையிலோ நிலையத்திலோ வைத்துவிட்டு வாருங்கள். ஜூனில் சூரியன் ஒன்பது மணியை ஒட்டி மறையும், ஏப்ரலில் எட்டு மணியை ஒட்டி. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேலே இருங்கள். சான் நிக்கோலோ வழியாகப் படி ஏறினால் பாலத்திலிருந்து இருபத்தைந்து நிமிடம், கால் முடியாதவர்களுக்கு 12, 13 எண் பஸ். இருவரும் தனித்தனிக் கார்டைத் தட்டுங்கள், சோதனையில் பயணச்சீட்டு இல்லையென்றால் அபராதம் கடுமை. இந்தப் பஸ்ஸில் ஜேப்படி உண்டு, பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதி வழியில் ரோஜாத் தோட்டம், இலவசம். ஃபோலோன் என்ற பெல்ஜியச் சிற்பி செய்த வெண்கலப் பெட்டி ஒன்று உள்ளீடில்லாமல் சட்டம் போல நிற்கும். அதற்குள் நகரமும் குவிமாடமும் அடங்கும். இருவரும் படம் எடுக்க இதுவே நல்ல இடம். தோட்டத்தை முன்னிரவில் மூடிவிடுவார்கள் என்பதால் ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் நிற்பது 1869-இல் ஜுசெப்பே பொஜ்ஜி அமைத்த பியாஸாலே மைக்கலாஞ்சலோ. பாட்டும் கூட்டமுமாக இருக்கும். அமைதி வேண்டுமானால் இன்னும் ஐந்தாறு நிமிடம் மேலே ஏறுங்கள். பதினோராம் நூற்றாண்டின் சான் மினியாட்டோ தேவாலயம், வெள்ளையும் கரும்பச்சையுமாகப் பளிங்கு முகப்பு. மாலை வழிபாட்டில் துறவிகள் கிரகோரியன் முறையில் பாடுவார்கள். அதற்குள் போகிறவர்கள் கைப்பேசியை அணைத்து உட்காருங்கள்.

இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான் தொடங்கும். இறங்கி வரும் சான் நிக்கோலோ தெருவிலேயே சாப்பிடலாம். பில்லில் "கோபெர்த்தோ" என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வரும், அது மேஜைக் கட்டணம், ஏமாற்றில்லை. விலைக்குப் பக்கத்தில் "ஏத்தோ" என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. ஊரின் பெயர்பெற்ற மாட்டு இடுப்புக்கறி ஒரு துண்டே ஒரு கிலோவைத் தாண்டும் என்பதால், இதைக் கவனிக்காமல் கேட்டவர்கள் பில்லைப் பார்த்துத் திகைப்பார்கள். கடைவாங்கல் நீங்கலாக இருவருக்கும் அன்றைய செலவு 210, 220 யூரோவுக்குள் அடங்கும். அதில் நுழைவுச் சீட்டு மட்டும் நூறு.

விமான நிலையத்தில்

வரிப் படிவத்துக்குச் சுங்க ஒப்புதல் இல்லாமல் பணம் வராது. பொருளைப் பெட்டியில் போட்டுச் சென்னை வரைக்கும் ஒரே சீட்டாக அனுப்புவதென்றால் ஒப்புதலை ஃப்ளோரன்ஸிலேயே, பெட்டியைக் கொடுப்பதற்கு முன் வாங்க வேண்டும். கையில் எடுத்துப் போவதென்றால் ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம், அடியில் புதைத்து வைக்காதீர்கள். யார் பெயரில் பில்லோ அவர்தான் நிற்க வேண்டும். வாங்கிய மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள் பொருள் வெளியேற வேண்டும். வரிப் பணத்தை நகரத்திலேயே முன்கூட்டி வாங்கியவர்கள் இந்த ஒப்புதலை மறந்தால், கொடுத்த பணத்தை உங்கள் கார்டிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இந்தியா திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகைக்கான தனிச் சுங்கச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான், ஒரு வாரச் சுற்றுலாவுக்குக் கிடையாது. பாலத்தில் வாங்கிய தங்கத்தின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள். கனமான தாலிக்கொடியும் வளையலும் அணிந்து புறப்படுகிறவர்கள், கிளம்பும்போதே இந்திய விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பும்போது எது பழையது, எது புதியது என்ற கேள்வி வராது. அதற்காகவே அன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.